பெரிய உத்தியோகஸ்தர்களுக்கு ஒழுங்கு விதி எதற்கு?

(தொழிலாளர் வாசகசாலையொன்றின் மாதக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் பலருக்குச் சிரிப்பை உண்டாக்கக்கூடும். சர்வகலாசாலைகளில் கம்பெனி மானேஜர்களுக்கும், டைரெக்டர்களுக்கும், சர்க்காரின் பெரிய உத்தியோகஸ்தர்களுக்கும் தலைமைப் பயிற்சி என்பதாக வகுப்புகள் நடத்துகிறார்கள். அவற்றில் சேருகிறவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு காகிதத்தையும் கையில் கொடுக்கிறார்கள். வேளைக்கு வகுப்புக்கு வா, பிறரை இழிவாகப் பேசாதே, பெண்களிடம் தகாத முறையில் நடக்காதே, இங்கே கேட்டதை வெளியே போய்ச் சொல்லாதே என்பதுதான் அந்தக் காகிதத்தின் சாரம். அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

"நாற்பத்தைந்து வயதும் ஐம்பது வயதும் ஆன நரைத்த தலைகளுக்கு இதையெல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டுமா? பள்ளிப் பிள்ளைகளா அவர்கள்?" என்று ஒரு தோழர் வரும் வழியில் நம்மைக் கேட்டார். நாம் அவரைத் திருப்பிக் கேட்டோம்: "உங்கள் ஆலை வாசலில் தொங்கும் பலகையில் என்ன எழுதியிருக்கிறது?" அவர் மனப்பாடமாகச் சொன்னார். தோழர்களே! 1946-இல் இந்த நாட்டில் நிலையாணைச் சட்டம் என்று ஒன்று வந்தது. அதன்படி வகுத்த மாதிரி ஆணைகளில் தொழிலாளி செய்யக்கூடிய குற்றங்களுக்கு ஒரு பட்டியல் இருந்தது. வழக்கமாக நேரங்கழித்து வருவது, மேலதிகாரிக்குக் கீழ்ப்படியாமை, திருட்டு, குடித்துவிட்டு வருவது, கலாட்டா செய்வது என்று அந்தப் பட்டியல் போகும். தொழிலாளி என்ற சொல்லுக்குச் சட்டம் சொன்ன பொருளில் நிர்வாகப் பதவியில் இருப்பவர் சேரமாட்டார். அதாவது குடித்துவிட்டு வரக்கூடாது என்று வாசலில் எழுதிப் போட்டது கீழே இருப்பவனுக்குத்தான். மாடியில் இருப்பவருக்கு ஒழுக்கம் பிறவியிலேயே வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது! மேலே இருப்பவன் இயற்கையிலேயே யோக்கியன், கீழே இருப்பவனுக்குத்தான் காவலும் தண்டனையும் வேண்டும் என்கிற எண்ணம் நம் நாட்டுக்குப் புதிதா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, பெரிய மனிதன் கையிலும் ஒரு விதிக் காகிதத்தைக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அதைக் கொஞ்சம் விசாரித்துப் பார்க்க வேண்டும் என்று நமக்குத் தோன்றிற்று. இதில் நமக்கு என்ன அக்கறை என்று கேட்கலாம். அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், ஊருக்குத் திரும்பியதும் ஒரு கையெழுத்தில் ஐயாயிரம் குடும்பங்களின் அடுப்பை அணைக்கக்கூடியவர். அவர் கற்றது என்ன, எப்படி நடக்கப் பழகினார் என்பதில் நமக்கு அக்கறை இல்லாமல் வேறு யாருக்கு இருக்கும்?

முதலில் இந்த வகுப்புகளின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலை 1908-இல் வியாபாரக் கலாசாலை ஒன்றைத் தொடங்கிற்று. அது வாலிபர்களுக்கானது. ஏற்கெனவே உத்தியோகத்தில் இருப்பவர்களைக் கூட்டிவைத்துப் பாடம் சொல்லும் வேலையை, 1931 வாக்கில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கலாசாலையார் ஆரம்பித்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஆல்பிரட் ஸ்லோன் அதற்கு ஆதரவு கொடுத்தார். இரண்டாவது உலக யுத்தம் வந்தது. யுத்த உற்பத்திக்கு ஆள் போதவில்லை. நடுவயதுக்காரர்களைத் திரட்டி ஆலை நிர்வாகத்துக்குத் தயார்செய்ய ஹார்வர்டு 1943-இல் ஒரு மறுபயிற்சி வகுப்பு நடத்திற்று. யுத்தம் முடிந்த 1945-இல் அதுவே உயர்தர நிர்வாகப் பயிற்சி என்ற பெயரோடு நிரந்தரமாயிற்று. அந்தக் காலத்தில் 13 வாரம் நடந்தது, பிற்பாடு குறைத்துக்கொண்டார்கள். சம்பளம் இப்போது எண்பதாயிரம் டாலருக்கு மேல். பெரும்பாலும் கம்பெனிதான் கட்டுகிறது. கம்பெனிக்கு அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை இந்தக் கூட்டத்தில் விளக்க வேண்டிய அவசியமில்லை.

பாடம் நடக்கும் விதத்தைச் சொன்னால்தான் விதி எதற்கு என்பது விளங்கும். அங்கே ஆசிரியர் நின்று பிரசங்கம் செய்வதில்லை. ஒரு கம்பெனியில் நடந்த உண்மையான சங்கடத்தை எழுதி முன்கூட்டியே படிக்கக் கொடுத்துவிடுகிறார்கள். இந்த முறைக்கு ஹார்வர்டில் 1921-இல் எழுதிய ஒரு செருப்புக் கம்பெனியின் கதைதான் ஆரம்பம். மறுநாள் குதிரை லாடம் போல் வளைந்த, படிப்படியான மண்டபத்தில் எல்லோரும் உட்காருகிறார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் பெயர்ப்பலகை. ஆசிரியர் திடீரென்று ஒருவரைப் பார்த்து, "நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்கிறார். அவர் பேசுகிறார், இன்னொருவர் மறுக்கிறார், மூன்றாமவர் தன் சொந்தக் கம்பெனியில் நடந்ததை எடுத்துச் சொல்லுகிறார். ஆக, அங்கே பாடப் புத்தகம் என்பது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதன்தான். அவன் வாயைத் திறக்கப் பயப்பட்டால் பாடமே இல்லை. தன்னை ஒருவன் கேலி செய்வான் என்றோ, தன் பேச்சை நாளைக்குப் பத்திரிகைக்காரனிடம் விற்பான் என்றோ சந்தேகப்பட்டால் எவன் உண்மை பேசுவான்? அன்றியும், வகுப்பு முடிந்த பிறகும் ஏழெட்டுப் பேராகச் சேர்ந்து ஒரே கூடத்தைச் சுற்றித் தங்குகிறார்கள். பிரேசில்காரனும் ஜப்பான்காரனும் நம் பம்பாய்க்காரனும் ஒரே மேஜையில் வாரக்கணக்காகக் காப்பி குடிக்க வேண்டும். கடைசியில் எழுத்துப் பரீட்சை கிடையாது. பரீட்சை இல்லாத இடத்தில் நடத்தை ஒன்றுதான் மிச்சம்.

ஹார்வர்டு வியாபாரக் கலாசாலையில் எல்லோருக்கும் பொதுவாக மூன்றே மூன்று வாக்கியங்களை வைத்திருக்கிறார்கள். பிறருடைய உரிமைக்கும், வேற்றுமைக்கும், கண்ணியத்துக்கும் மதிப்புக் கொடுப்பது ஒன்று. கூட்டத்தைச் சேர்ந்த அத்தனை பேரிடத்திலும் உண்மையாகவும் நாணயமாகவும் இருப்பது இரண்டாவது. தன் நடத்தைக்குத் தானே பொறுப்பாளி ஆவது மூன்றாவது. இவ்வளவுதான். இதில் ஆண்டவன் பெயர் இல்லை, நரகத்தைக் காட்டிப் பயமுறுத்தவுமில்லை. மனிதன் மனிதனோடு சேர்ந்து வேலை செய்வதற்கு இன்னது வேண்டும் என்று மனிதர்களே உட்கார்ந்து பேசி எழுதினது. தப்பாகத் தோன்றினால் நாளைக்கே திருத்திக்கொள்ளலாம். அந்த மூன்றாவது வாக்கியம் நமக்கு மிகவும் பிடித்தது. "மேலிடத்து உத்தரவு", "விதி", "கிரகக் கோளாறு", "கம்பெனி வழக்கம்" என்று எந்தச் சாக்கும் அதில் செல்லாது.

இதற்குக் கீழே சில்லறை விதிகள் உண்டு. முழு நாளும் வகுப்பில் இருக்க வேண்டும், படித்துவிட்டு வர வேண்டும், செல்போனை எடுத்து வைக்க வேண்டும், பேச்சைப் பதிவு செய்யக்கூடாது, கூட இருப்பவர்களிடம் தன் சரக்கை விற்கப் பார்க்கக்கூடாது, கொடுத்த பாடத்தை நகல் எடுத்து விநியோகிக்கக்கூடாது என்று இப்படிப்பட்ட வகுப்புகளில் பொதுவாகப் போடுவார்கள். மீறினால் நடுவிலேயே அனுப்பிவிடும் உரிமையையும் கலாசாலை வைத்துக்கொள்ளும். இவற்றில் அதிகம் பேச ஒன்றுமில்லை. செல்போனைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. தான் ஒரு மணி நேரம் போனை அணைத்தால் கம்பெனியே கவிழ்ந்துவிடும் என்று நினைக்கிற மானேஜர், ஒன்று தற்பெருமைக்காரராக இருக்க வேண்டும், அல்லது தனக்குக் கீழே ஒருவரையும் வேலை கற்கவிடாதவராக இருக்க வேண்டும்.

இரகசியம் காக்கும் விதிதான் நின்று பேச வேண்டியது. இலண்டனில் சாத்தம் ஹவுஸ் என்ற சங்கத்தார் 1927-இல் ஒரு விதி செய்தார்கள். கூட்டத்தில் கேட்ட சங்கதியை நீ பயன்படுத்திக்கொள்ளலாம், ஆனால் சொன்னவர் இன்னார் என்று வெளியே காட்டக்கூடாது என்பது அதன் கருத்து. இந்த வகுப்புகள் பலவற்றில் அதையோ அதைவிடக் கண்டிப்பான விதியையோ வைத்திருக்கிறார்கள். "இதென்ன பிரமாதம், நாலு பேர் பேசினதை வெளியே சொன்னால் குடி முழுகிவிடுமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்லுகிறோம்.

ரஜத் குப்தா என்பவர் இந்தியாவில் பிறந்தவர். 1973-இல் ஹார்வர்டு வியாபாரக் கலாசாலையில் பட்டம் பெற்றார். மக்கின்சி என்ற உலகப் பிரசித்தி பெற்ற ஆலோசனைக் கம்பெனிக்கு 1994 முதல் 2003 வரை தலைவராக இருந்தார். ஐதராபாத்தில் 2001-இல் திறந்த வியாபாரக் கலாசாலையை உண்டாக்கினவர்களிலும் அவர் ஒருவர். உபதேசம் செய்யும் ஸ்தானத்தில் இருந்தவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2008 செப்டம்பரில் அமெரிக்கப் பணச்சந்தை சரிந்துகொண்டிருந்தபோது அவர் கோல்ட்மன் சாக்ஸ் பாங்கியில் ஒரு டைரெக்டர். பெரும் பணக்காரரான வாரன் பஃபெட்டின் கம்பெனி அந்தப் பாங்கியில் 500 கோடி டாலர் போடப்போகிறது என்ற செய்தி, டைரெக்டர்களுக்குள் டெலிபோன் மூலம் நடந்த கூட்டத்தில் வந்தது. கூட்டம் முடிந்து ஒரு நிமிஷம் ஆகவில்லை, குப்தாவிடமிருந்து ராஜ் ராஜரத்தினத்துக்கு டெலிபோன் போயிற்று. சந்தை மூட இன்னும் சில நிமிஷங்களே இருந்தன. அதற்குள் ராஜரத்தினத்தின் கம்பெனி கோல்ட்மன் பங்குகளை வாங்கிக் குவித்துவிட்டது.

இந்த ராஜரத்தினம் யார்? கொழும்பில் பிறந்த தமிழர். பென்சில்வேனியா சர்வகலாசாலையின் வார்ட்டன் வியாபாரக் கலாசாலையில் 1983-இல் பட்டம் பெற்றவர். தமிழன் அமெரிக்காவில் கோடீசுவரன் ஆனான் என்று நம்மவர்கள் ஒருகாலத்தில் பெருமை பேசினார்கள். 2011-இல் அவருக்கு 11 வருஷ சிறைத் தண்டனை ஆயிற்று. குப்தாவை 2012-இல் ஜூரிகள் குற்றவாளி என்றார்கள். இரண்டு வருஷ சிறையும் 50 இலட்சம் டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. தாம் குற்றமற்றவர் என்றே அவர் பிற்பாடு புத்தகம் எழுதினார். எழுதட்டும், அது அவர் உரிமை. 2014-இல் அவரை அடைத்த சிறைச்சாலை டெவன்ஸ் என்ற ஊரில், அவர் படித்த ஹார்வர்டு இருக்கும் அதே மாசச்சூசெட்ஸ் மாகாணத்திலேயே இருந்தது.

ஒரு அறையில் நம்பிக்கையின் பேரில் சொன்ன வார்த்தையை வெளியே கொண்டுபோனால் அதற்கு விலை உண்டு, அந்த விலையை வேறு யாரோ கொடுக்கிறார்கள். அன்றைக்குச் செய்தி தெரியாமல் அந்தப் பங்குகளை விற்றவர்கள் யார் யாரோ, நமக்குத் தெரியாது. ஏமாந்தது அவர்கள்தான். வகுப்பில் சகமாணாக்கர் சொன்ன கம்பெனிச் சங்கதியைப் பங்கு வாங்க உபயோகிக்காதே என்று பழக்குவது வெறும் மரியாதை சம்பந்தப்பட்டதல்ல. திருட்டை முளையிலேயே தடுக்கிற காரியம் அது.

இனி மதிப்பு, கண்ணியம் என்கிற விஷயம். இதில் நாம் கலாசாலையையே கூண்டில் நிறுத்தி விசாரிக்க வேண்டியிருக்கிறது. 1908-இல் திறந்த ஹார்வர்டு வியாபாரக் கலாசாலையின் இரண்டு வருஷ வகுப்பில் ஆரம்பத்திலிருந்தே பெண்களைச் சேர்த்தது எப்போது? 1963-இல்! அந்த வருஷம் சேர்ந்த பெண்கள் எட்டே பேர். 55 வருஷம் பெண் என்ற காரணத்துக்காகவே வாசலில் நிறுத்திவைத்திருந்தவர்கள், உள்ளே விட்டபிறகாவது சரியாக நடத்தினார்களா? 2010-இல் கலாசாலைக்குத் தலைவராக வந்தவர் நிதின் நோரியா, இந்தியாவில் பிறந்தவர். 2014 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவில் பழைய மாணவிகள் கூடிய ஒரு சபையில் அவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். கலாசாலை தங்களை மதிக்கவில்லை, ஒதுக்கி வைத்தது, அன்பு காட்டவில்லை என்று பெண்கள் உணர்ந்ததற்காக வருந்துவதாகச் சொன்னார். அதோடு இன்னொன்றும் ஒப்புக்கொண்டார். அங்கே படிக்கும் கம்பெனிக் கதைகளில் பெண் முக்கிய பாத்திரமாக வருவது நூற்றுக்குப் பத்துக்கூட இல்லையாம். அதை ஐந்து வருஷத்தில் 20-ஆக ஆக்குவதாக வாக்குக் கொடுத்தார்.

இதைச் சிலர் சின்ன விஷயம் என்பார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. "மற்றவர் கண்ணியத்தை மதி" என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, தீர்மானம் செய்கிறவன், உத்தரவிடுகிறவன், ஜெயிக்கிறவன் எல்லாம் ஆணாகவே இருக்கும் நூறு கதைகளைப் படிக்கக் கொடுத்தால், மாணவன் எதைக் கற்பான்? விதியையா, கதையையா? நம் புராணங்களைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இதற்குப் பதில் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனாலும் ஒரு பெரிய கலாசாலையின் தலைவர் சபையில் நின்று "தவறு எங்களுடையது" என்று சொன்னாரே, அதை நாம் மதிக்கிறோம். நம் நாட்டு மடாதிபதி ஒருவர் அப்படிச் சொன்னதாக உங்களுக்கு ஞாபகம் உண்டா?

நம் நாட்டில் வேலை ஸ்தலத்தில் பெண்களுக்குப் பாதுகாப்பு விதி எப்படி வந்தது என்பதையும் மறக்கக்கூடாது. ராஜஸ்தானத்தில் பன்வாரி தேவி என்ற சகோதரி, குயவர் வகுப்பைச் சேர்ந்தவர், சர்க்காரின் கிராம ஊழியர். 1992-இல் ஒரு குழந்தைக் கலியாணத்தைத் தடுக்கப் போனார். அதற்காக மேல்ஜாதிக்காரர்கள் அவரைப் பலாத்காரம் செய்ததாக வழக்கு. 1995-இல் கீழ்க்கோர்ட்டு எதிரிகளை அந்தக் குற்றத்திலிருந்து விடுதலை செய்துவிட்டது. அந்தச் சம்பவத்தை ஒட்டிப் பெண்கள் சங்கங்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனதால் 1997-இல் விசாகா வழக்கின் விதிகள் வந்தன. 2013-இல் சட்டமாயிற்று. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் விசாரணைக் கமிட்டி இருக்க வேண்டும், அதற்குத் தலைமை ஒரு பெண், அங்கத்தினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியார் ஒருவர் என்று சட்டம் சொல்லுகிறது. கலாசாலைகளும் அதற்குள் அடக்கம். ஆகவே, குளிர்ச்சியான மண்டபத்தில் நடக்கும் தலைமைப் பயிற்சி வகுப்பின் இரவு விருந்தில் ஒரு டைரெக்டர் கையை அடக்கி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றால், அதற்கு ஒரு ஏழைக் கிராமத்துப் பெண் பட்ட பாடும் காரணம் என்று அந்த டைரெக்டருக்கு யாராவது சொல்லுவார்களா? சொல்ல வேண்டும் என்கிறோம்.

ஜாதி விஷயத்துக்கு வருகிறோம். கடல் கடந்து போனால் ஜாதி போய்விடும் என்று முன்பு சாஸ்திரிகள் பயமுறுத்தினார்கள். போகவில்லை, கப்பலிலும் ஆகாய விமானத்திலும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது! மாசச்சூசெட்ஸ் மாகாணத்திலேயே ஹார்வர்டுக்குக் கொஞ்ச தூரத்தில் பிராண்டைஸ் சர்வகலாசாலை இருக்கிறது. பேதம் பாராட்டக்கூடாத காரணங்களின் பட்டியலில் நிறம், மதம் முதலியவற்றோடு ஜாதியையும் 2019-இல் அவர்கள் சேர்த்தார்கள். 2021-இல் ஹார்வர்டில் வேலை செய்யும் ஆராய்ச்சி மாணவர் சங்கத்தின் ஒப்பந்தத்தில் ஜாதி சேர்ந்தது. 2022-இல் கலிபோர்னியா மாகாண சர்வகலாசாலைகள் சேர்த்துக்கொண்டன. 2023-இல் சியாட்டில் நகர சபை சட்டமே செய்தது. கலிபோர்னியா சட்டசபையும் அதே வருஷம் ஒரு மசோதா நிறைவேற்றிற்று, கவர்னர் அதில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

இதற்கு அங்கே எழுந்த கூச்சல் என்ன தெரியுமா? "எங்கள் மதத்தாரை மட்டும் சந்தேகிப்பது போலாகிறது" என்பது. திருடாதே என்று பலகை வைத்தால் திருடாதவனுக்கு என்ன அவமானம்? நிறபேதம் கூடாது என்ற விதி வெள்ளைக்காரன் எல்லோரையும் குற்றவாளியாக்கிவிட்டதா? ஜாதி பார்க்காதவனுக்கு அந்த விதி தூசுக்குச் சமானம். பார்க்கிறவனுக்குத்தான் முள்ளாகக் குத்தும். நம் நாட்டிலிருந்து போய் அந்த மண்டபங்களில் உட்காரும் பெரிய உத்தியோகஸ்தர், பக்கத்தில் இருக்கும் இன்னொரு இந்தியரிடம் "உங்கள் சொந்த ஊர் எது, வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள்?" என்று சுற்றி வளைத்துக் கேட்கிறாரே, அந்தக் கேள்வி எதற்கு என்பது கேட்கிறவருக்கும் தெரியும், கேட்கப்படுகிறவருக்கும் தெரியும். பிரேசில்காரனுக்குத்தான் தெரியாது.

அடுத்தபடியாக, "கூட்டத்தைச் சேர்ந்த அத்தனை பேர்" என்கிறார்களே, அதில் யார் யார் சேர்த்தி? சம்பளம் கட்டி வந்தவரும் பாடம் சொல்லுகிறவரும் மட்டுமா? அவர் படுக்கையை விரிப்பவர், தட்டை எடுப்பவர், தரை துடைப்பவர் சேர்த்தியில்லையா? 2001-இல் ஹார்வர்டின் துப்புரவுக்காரர்கள், காவற்காரர்கள், உணவுச்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வாழக்கூடிய கூலி கொடு என்று மாணவர்கள் சர்வகலாசாலைத் தலைவரின் காரியாலயக் கட்டடத்துக்குள் புகுந்து மூன்று வாரம் உட்கார்ந்துவிட்டார்கள். 2016-இல் உணவுச்சாலைத் தொழிலாளர்களே 22 நாள் வேலைநிறுத்தம் செய்து, வருஷம் முழுவதும் வேலைக்கு இருப்பவருக்கு 35,000 டாலருக்குக் குறையாத வருமானம் என்பதை வாங்கினார்கள். உலகத்திலேயே அதிகச் செல்வமுள்ள சர்வகலாசாலையிலே இந்தக் கதி! பக்கத்து நாற்காலிக்காரரிடம் மரியாதையாக இருப்பது பெரிய காரியமல்ல, அவரும் ஒரு டைரெக்டர், நாளைக்கு வியாபாரம் தருவார். காப்பி கொண்டுவந்து வைக்கும் பெண்ணின் முகத்தை நிமிர்ந்து பார்த்து நன்றி சொல்லுகிறாரா என்பதை வைத்து ஒருவருக்கு மார்க் போடலாம் என்றால், நாம் போடத் தயாராக இருக்கிறோம்.

நிற்க. இவ்வளவு விதி இருந்தும் அங்கே படித்தவர்கள் சிறைக்குப் போகிறார்களே, பின் விதியால் என்ன லாபம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். என்ரான் கம்பெனி 2001-இல் திவாலாயிற்று. அதன் தலைமை நிர்வாகியாக இருந்த ஜெஃப்ரி ஸ்கில்லிங் 1979-இல் ஹார்வர்டு வியாபாரக் கலாசாலையில் தேறினவர். ஆயிரக்கணக்கான சிப்பந்திகளின் வேலையும் வயோதிக காலத்துச் சேமிப்பும் போயிற்று. 2006-இல் அவருக்கு 24 வருஷ தண்டனை, பிறகு அது 14-ஆகக் குறைந்தது, 2019-இல் வெளியே வந்துவிட்டார். 2008-இல் பணச்சந்தை சரிந்தபோது நோரியாவும் ராகேஷ் குரானா என்ற ஆசிரியரும், நிர்வாகத்தையும் வைத்தியம், வக்கீல் தொழில் போல் ஒரு நெறியுள்ள தொழிலாக்க வேண்டும் என்று எழுதினார்கள். 2009-இல் வெளியேறிய மாணவர்கள் சிலர், நாணயமாக நடப்போம் என்று தாங்களே ஒரு சத்தியப் பிரமாணம் எழுதிக் கையெழுத்திட்டார்கள்.

வாலிபர்களின் எண்ணம் நல்ல எண்ணம், அதைப் பரிகாசம் செய்ய நாம் விரும்பவில்லை. ஆனால் சத்தியத்தில் நமக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. கோர்ட்டில் தினம் எத்தனை சத்தியம் நடக்கிறது! வைத்தியன் தப்புச் செய்தால் அவன் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடிக்க ஒரு சபை இருக்கிறது. வக்கீலின் கறுப்பு அங்கியைக் கழற்ற ஒரு சபை இருக்கிறது. மானேஜர் விஷயத்தில் எதைக் கழற்றுவது? அவர் ஒரு கம்பெனியைக் கவிழ்த்துவிட்டு, பெருந்தொகை வாங்கிக்கொண்டு இன்னொரு கம்பெனிக்குப் போய் உட்காரலாம். ஆகவே விதியின் வாசகம் அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள். மீறினவனை யார் கேட்பார்கள், யார் புகார் செய்யலாம், புகார் செய்தவனுக்கு என்ன பாதுகாப்பு என்று கேளுங்கள்.

இதில்தான் இந்த வகுப்புகளின் பலவீனம் இருக்கிறது. பதினெட்டு வயது மாணவன் தப்புச் செய்தால் கலாசாலை அவனை வெளியேற்றுவது சுலபம். எண்பதாயிரம் டாலர் கட்டி வந்தவர், அவரைப் போல் வருஷா வருஷம் பத்துப் பேரை அனுப்பக்கூடிய கம்பெனியின் பிரதிநிதி, நாளைக்குக் கட்டட நிதிக்கு நன்கொடை தரக்கூடியவர். அவர் ஒரு உதவியாசிரியையை இழிவாகப் பேசிவிட்டார் என்றால் அவரை அன்று மாலையே மூட்டை கட்டச் சொல்லுவார்களா? கடைக்காரன் பெரிய வாடிக்கைக்காரனை வைவதுண்டா? வைகிற கடைக்காரனுக்குத்தான் நாம் கலாசாலை என்று பெயர் கொடுப்போம்.

நம் நாட்டிலும் இது பழைய சங்கதி ஆகிவிட்டது. ஐதராபாத்தில் இங்கிலாந்தின் ஹென்லி என்ற ஊர்க் கலாசாலையை மாதிரியாக வைத்து 1956-இல் நிர்வாகிகளுக்கென்று ஒரு கலாசாலை உண்டாயிற்று. 1961-இல் அகமதாபாத்தில் ஹார்வர்டின் ஒத்துழைப்போடு ஒன்றும், கல்கத்தாவில் மாசச்சூசெட்ஸ் கலாசாலையின் ஒத்துழைப்போடு ஒன்றும் ஏற்பட்டன. 2011-இல் நம் திருச்சிராப்பள்ளிக்கும் ஒன்று வந்தது. சர்க்கார் ஆலைகளின் உத்தியோகஸ்தர்கள் இப்படிப்பட்ட வகுப்புகளுக்குப் பொதுப் பணத்தில் போகும்போது, அவர்கள் என்ன விதிக்குக் கையெழுத்திட்டுப் போனார்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அந்தக் கையெழுத்து திரும்பி வந்த பிறகு ஆலைக்குள்ளும் செல்லுபடியாகுமா என்றும் கேட்கலாம். அங்கே பிரேசில்காரனைக் கண்ணியமாக நடத்தினவர், இங்கே தன் காரோட்டியை "டேய்" என்று கூப்பிட்டால், எண்பதாயிரம் டாலரில் எத்தனை டாலர் வீண் என்று நீங்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு தோழர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். "முதலாளிமார்களுக்குத்தான் ஹார்வர்டில் வகுப்பா, தொழிலாளிக்கு ஒன்றுமில்லையா?" என்று கேட்கிறார். உண்டு. யுத்தகால நிர்வாகிகளுக்கு வகுப்பு வைத்ததற்கு ஒரு வருஷம் முந்தியே, 1942-இல், தொழிற்சங்கத் தலைவர்களுக்கென்று ஹார்வர்டில் ஒரு வகுப்பு ஆரம்பித்து, பல நாட்டுச் சங்கத்தாரும் போய்ப் படித்துவிட்டு வருகிறார்கள். நடத்தை விதி அவர்களுக்கும் உண்டு, நம் சங்கத்தார் போனாலும் வேளைக்கு எழுந்து வகுப்புக்குப் போகத்தான் வேண்டும். அனுப்புவதற்குச் சங்கத்தின் பெட்டியில் பணம் இருக்கிறதா என்பதைக் காரியதரிசியவர்கள்தான் எழுந்து சொல்ல வேண்டும்.